சங்கிலியில் தொங்கும் கோட்டு

ஹோல்டன்ராத்
1998 ஆகஸ்ட் 9

கடற்கரைக்குக் குடிபோன எங்கள் ரோஸ்விதாவுக்கு, சித்தப்பா எவால்ட் எழுதுவது.

நான் சுகம். டாக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்சா, இதை மியூசியத்துல வைக்கணும்"னார். ஏற்கெனவே வைத்துவிட்டார்கள் என்றேன். ஆமாம், உன் சித்தப்பா இப்போது வழிகாட்டி. மூடிப்போட்ட நம் மார்கரேத் நிலக்கரிச் சுரங்கத்துக்கு இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆள் வருகிறார்கள். போன வாரம் ஒரு ஜப்பானியர் நான் பேசியதைக் கேட்டு அழுதுவிட்டார். பெரிய மனிதர், அவர் ஊரில் ராஜா மாதிரி இருக்க வேண்டும்.

நீ போன பிறகு ஊர் ஊராக இல்லை. ஊதுலையின் உச்சி வரை படி வைத்திருக்கிறார்கள். பாரிஸ் கோபுரத்தைவிட உயரம், நானே கண்ணால் அளந்தேன். சாயங்காலம் அதன்மேல் பச்சை, சிவப்பு விளக்குப் போடுகிறார்கள். உன் தாத்தா இரும்பு உருக்கிய இடத்தில் இப்போது கல்யாணம் நடக்கிறது. எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் விட்டு முக்குளிக்கச் சொல்லித் தருகிறார்கள். நான் ஒருதரம் இறங்கி, அடியில் கிடந்த ஸ்பேனரோடு மேலே வந்தேன். கால்வாயில் படகு இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய கல்மலையில் மரம் முளைத்துக் காடாகிவிட்டது.

உன் அப்பா அந்த மலையில் தினமும் ஆடு மாதிரி ஏறுகிறார். ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து காட்சியை ரசிக்கிறார். எல்லாப் பெஞ்சிலிருந்தும் ஒரே காட்சிதான் தெரிகிறது, ஆனாலும் அல்வின் ஒரு ரசிகர்.

ஊர் பார்க்க வா, ரோஸ்விதா. ஊர் பார்க்க மட்டும்தான். வந்த இடத்தில் நீயும் உன் அப்பாவும் ஒரே மேஜையில் ஒரு தட்டு சூப் குடித்தால் எனக்குப் போதும். இலை உதிர்வதற்குள் வா.

சுரங்கத்தில் நாங்கள் சொல்லிக்கொள்வதுபோல, நல்லபடி மேலே வந்து சேர்.
சித்தப்பா எவால்ட்


ஹூசும்
ஆகஸ்ட் 30

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் எழுதுவதைப் பாதியாக்கித்தான் படிப்பேன். அம்மா கற்றுத்தந்தது. "எவால்ட் பத்து மீன் பிடிச்சேன்னு வந்தா, அஞ்சுக்கு எண்ணெய் ஊத்து" என்பாள். அப்பா மலை ஏறுகிறார் என்றால் முனைக்கடை வரை நடக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் வயதுக்கு அது நல்ல நடைதான்.

ஆறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்தபோது அவர் சுரங்கத்தை மூடும் விழாவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசிக் கரித்துண்டை மேயர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த படத்தை வைத்திருக்கிறேன். அதில் சிரிக்கிறார். நான் அம்மாவின் கண்ணை மூடினேன்.

ஊர் அழகாக இருப்பது சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் நெஞ்சில் தூசி இருக்கிறது என்று அப்போதே சொன்னார்கள். மூச்சு எப்படி இருக்கிறது?

ரோஸ்விதா


ஹோல்டன்ராத்
செப்டம்பர் 20

ரோஸ்விதா கண்ணு,

உன் கடிதத்தை முனைக்கடையில் வைத்து அல்வினுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கதையைக் கேட்டு, கடைக்கார ஹெட்விக் பீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"மூச்சு எப்படின்னு கேக்கறா, அண்ணா."

"நல்லா இருக்குன்னு எழுது." நடுவில் இரண்டு தரம் நிறுத்தினார். யோசித்துப் பேசுகிற மனிதர்.

ஹெட்விக் சும்மா இருப்பாளா. "நீ மூச்சு விடறதக் கேட்டா என் பழைய பிரிட்ஜ் மாதிரியே இருக்கு, அல்வின்."

"உன் பிரிட்ஜ் ஓடுதுல்ல?"

"ஓடுது. ஒண்ணுந்தான் குளிரல."

அப்படிச் சிரித்தோம். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து, "ஊரப் பத்தி மட்டும் எழுது, எவால்ட். ஊர் பாக்க வந்தா வரட்டும்"னார். அதனால் ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

எல்லாரும் படம் எடுக்கிற இடம் உடை மாற்றுகிற கூடம்தான். சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போயிருக்கிறேன். கூரையிலிருந்து ஆயிரக்கணக்கில் சங்கிலி, ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. வெளி உடையைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து மேலே ஏற்றி, கீழே பூட்டுப் போட்டு, சாவியோடு சுரங்கத்தில் இறங்குவோம். ஷிப்ட் முடிந்தும் மேலே ஒரு சட்டை தொங்கினால், அந்த ஆள் இன்னும் பூமிக்கு அடியில் இருக்கிறான் என்று அர்த்தம். வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போது என் குரலை நீ கேட்க வேண்டும். பெரிய நாடகக் கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் அப்பா இப்போதும் காலையில் அங்கே வந்து தன் பழுப்புக் கோட்டைப் பழைய கொக்கியில் மாட்டி மேலே ஏற்றுகிறார். மத்தியானம் வரை பெஞ்சில் இருந்துவிட்டு இறக்கிப் போட்டுக்கொண்டு போகிறார். மேலாளர் ஒன்றும் சொல்வதில்லை. காட்சிப் பொருள் தானாக நடந்து வருகிறது, சம்பளமும் இல்லை.

மலைக்கு இப்போது போவதில்லை. மரம் வளர்ந்து காட்சியை மறைத்துவிட்டதாம்.

இன்னொன்று. சுரங்கம் மூடிய அன்று காலை ஆஸ்பத்திரிக் கதவருகில் நான் நின்றிருந்தேன். உன் அம்மாதான் சொன்னாள்: "போய்ட்டு வா, அல்வின். உன் ஆளுங்க காத்திருக்காங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்." அப்போது நீ கீழே காப்பி வாங்கப் போயிருந்தாய். என் காதால் கேட்டேன்.

நல்லபடி மேலே வந்து சேர்.
சித்தப்பா


ஹூசும்
அக்டோபர் 18

அன்புள்ள சித்தப்பா,

அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பாதியாக்க முயன்றேன். அப்படி ஒரு பேச்சைப் பாதி பேச முடியாது. முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது முழுசாக விட வேண்டும். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவும் இல்லைதான். நம்பிவிட்டால் அந்தப் படத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதற்குமுன் படகுத்துறையில் லீவு கிடைக்காது, தீவுகளுக்குப் போகும் கூட்டம் இன்னும் குறையவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். ஊர் பார்க்கத்தான் வருகிறேன் என்றே சொல்லுங்கள்.

ஆனால் சத்தியமாக எழுதுங்கள். கிறிஸ்துமஸ் வரை பொறுக்கலாமா?

ரோஸ்விதா


ஹோல்டன்ராத்
நவம்பர் 2

ரோஸ்விதா கண்ணு,

பொறுக்கலாமாவா? உன் அப்பா இரும்பு. அடுத்த கிறிஸ்துமஸ் வரைகூடப் பொறுக்கலாம்.

நீ வருகிறாய் என்றதும் மனிதர் எழுந்து நின்றார். "எந்த ரயில்ல?" என்று கேட்டார். "ஐயோ, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றேன். "கேட்டேன், அவ்வளவுதான்"னு உட்கார்ந்தார். வாத்து வறுக்க ஹெட்விக்கிடம் பெரிய சட்டி கேட்டிருக்கிறோம். அந்தச் சட்டியில் நீயே உட்காரலாம்.

அவர் கட்டிலைச் சமையலறைக்கு இறக்கிவிட்டோம், மாடியைவிடக் கதகதப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிலிண்டர் காற்று கொடுத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக் காற்று என்று நினைக்கிறேன், பணக்காரர்கள் அதற்காகவே சுவிட்சர்லாந்து போவார்கள். நம் அல்வினுக்கு வீட்டுக்கே வருகிறது. கோட்டு மாட்டக் காலையில் நான் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறேன், எனக்கும் துணையாக இருக்கிறது.

தடித்த கையுறை கொண்டு வா. ஊதுலைப் படியின் கைப்பிடி இந்தக் குளிரில் ஐஸ்.

நல்லபடி மேலே வந்து சேர்.
சித்தப்பா


ஹோல்டன்ராத்
டிசம்பர் 4

ரோஸ்விதா,

நீ தொலைபேசி எண் தரவில்லை. அதனால் கடிதம்.

அல்வின் நேற்று போய்விட்டார். காலையில் கூடத்துக்கு வந்தோம். கோட்டை மாட்டினார். சங்கிலியை இழுக்க நான் கை கொடுத்தேன், தள்ளிவிட்டார். தானே ஏற்றிப் பூட்டினார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது கோட்டு இல்லாமல்தான் தூக்கிப்போனார்கள்.

இன்று எங்கள் புனித பார்பராவின் நாள். சுரங்கக்காரர்களைக் காக்கிறவள். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

அடக்கம் ஒன்பதாம் தேதி. வாத்தியக் கோஷ்டி முழுதும் இறகுத் தொப்பியோடு வரும், நானூறு பேருக்குக் குறையாமல் இருக்கும். இல்லை. வாத்தியக் கோஷ்டி போன வருஷமே கலைந்துவிட்டது. நான், ஹெட்விக், பாதிரியார். இன்னும் இரண்டு மூன்று பேர் வரலாம்.

பூட்டின் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். கோட்டு மேலேயே தொங்குகிறது. என்னால் இறக்க முடியவில்லை. நீ வந்து இறக்கு.

எவால்ட்


ஹூசும்
1999 ஜனவரி 24

சித்தப்பா,

அடக்கத்துக்கு ரயில் ஏறினேன். ப்ரேமனில் இறங்கிவிட்டேன். அங்கே ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய சாவியைக் கையிலேயே பிடித்திருந்தேன், கையுறை அதன்மேல் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

போன சனிக்கிழமை வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. முக்காடு போட்டு, டிக்கெட் வாங்கி, உங்கள் கூட்டத்தின் பின்வரிசையில் நடந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. ஊதுலை ஏறினேன், கைப்பிடி ஐஸ்தான், அதில் நீங்கள் ஒன்றும் கூட்டவில்லை. மலைக்கும் தனியாகப் போனேன். எல்லாப் பெஞ்சிலும் உட்கார்ந்தேன். மரம் எதையும் மறைக்கவில்லை, சித்தப்பா. கடைசிப் பெஞ்சிலிருந்து நம் வீட்டுப் புகைக்கூண்டு நன்றாகவே தெரிகிறது.

கூடத்தில் டார்ச்சைக் கோட்டின்மேல் அடித்தீர்கள். ஒருவர் படம் எடுத்தார். ஒரு கிழவி கேட்டாள், "இது நெசமாவே ஒருத்தரோடதா, இல்ல காட்டறதுக்கு மாட்டுனதா?"

"என் அண்ணனோடதும்மா."

"எப்படிப் போனாரு?"

நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மக கையப் பிடிச்சுக்கிட்டு. கடலோரத்துலேருந்து புறப்பட்டு வந்தா. சரியான நேரத்துக்கு வந்துட்டா."

அந்தக் கிழவி கண்ணைத் துடைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று, பழக்கத்தில், அதையும் பாதியாக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ப்ரேமன் பாதி வழி.

ஆனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை பொறுக்கலாம் என்று நவம்பரில் நீங்கள் எழுதியதைப் பாதியாக்கியபோது எனக்கு ஆறு மாதம் கிடைத்தது. அதை நம்பித்தான் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தரம், எதையும் கூட்டாமல், அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். அவர் எழுத விடவில்லை, தெரியும். அவர் சொன்னார், நீங்கள் கேட்டீர்கள், நான் கழித்தேன். மூவரும் சேர்ந்து செய்ததுதான்.

அம்மா சொன்னதை முழுசாக எடுத்துக்கொண்டேன். அவளேதான் அனுப்பிவைத்தாள். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது அவருடைய கோட்டுக்குக் கீழே நின்றிருந்தேன்.

சாவியைப் பூட்டு வரை கொண்டுபோனேன். திருப்பவில்லை. கோட்டு அங்கேயே இருக்கட்டும். சாவி என்னிடம் இருக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பாதியாக்குவேன், அதற்கு எனக்குத் தெம்பில்லை. வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று சொன்னபடியே சொல்லுங்கள், நான் சரியான நேரத்துக்கு வந்ததாக. அதில் மட்டும் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள்.

ரோஸ்விதா