திருத்தணிக்குப் போகாத மொட்டை

நேற்று பேரன் திருத்தணியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்து இறங்கினான். தூக்கிக்கொண்டதும் அவன் தலைச் சந்தனம் என் கன்னத்தில் ஒட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ போன பிறகு உன்னை நினைத்து நான் சிரித்தது நேற்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பேப்பர் போட்ட நாட்களில் நான் இருட்டோடு எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து கிளம்பி டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு பேப்பர் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பாய். உனக்கு நெசவுத் தெருக்கள், எனக்குக் கோயிலைச் சுற்றிய தெருக்கள். உனக்கு வீட்டுச் சைக்கிள், எனக்கு ஏஜென்டின் சைக்கிள். பேப்பர் போடும் அந்தத் தெருக்களின் லைன் என்னிடம் இருக்கும்வரை அந்தச் சைக்கிளிலேயே பள்ளிக்கூடமும் போய்க்கொள்ளலாம் என்று பேச்சு. லைன் போனால் சைக்கிள் போகும். சைக்கிள் போனால் அவ்வளவு தூரம் வந்து படிக்க எனக்கு வேறு வழியில்லை.

அப்போது பார்த்து எனக்கு அம்மை போட்டது. நான் வராததைப் பார்த்து நீ எங்கள் ஊருக்கே வந்துவிட்டாய். நிலையில் வேப்பிலையைக் கண்டதும் அங்கேயே நின்றாய். அம்மா உள்ளேயிருந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். அம்மை கண்ட வீட்டுப் பையன் பேப்பர் போட்டால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஏஜென்ட் முன்பே ஒருவனை நிறுத்தியிருந்தார். அது உனக்கும் தெரியும். அப்படியே திரும்பிப் போனாய். பாயில் கிடந்த நான், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பயந்துகொண்டே உன்னைத் தேடி வந்தேன். என் வீடுகளுக்கெல்லாம் நீயே பேப்பர் போட்டிருந்தாய். விடிந்தால் உன் தெருக்களில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிவிடுவார்கள், சைக்கிள் நுழையாது. அதனால் அவற்றை முதலில் முடித்துவிட்டு என் தெருக்களுக்கு ஓடியிருக்கிறாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீயோ என் தலைமுடியையே பேயறைந்தவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மொட்டை அடிக்க திருத்தணிக்குப் போயிருக்கான்னு ஏஜென்டுகிட்ட சொல்லிட்டேன்டா."

அவ்வளவு பெரிய புளுகைச் சொன்னவன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. நேராகச் சர்வ தீர்த்தக் குளக்கரைக்கு இழுத்துப் போனாய். அங்கே எந்தக் காரியத்துக்கு மொட்டை போடுவார்கள் என்பதுகூட நமக்கு உறைக்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே அங்கிருந்த நாவிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாருப்பா, அப்பாவா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டுதல் என்று நீதான் சொல்லிச் சமாளித்தாய். முடித்ததும் கடையில் சந்தனம் வாங்கி உன் கையாலேயே பூசினாய், கண்ணிலெல்லாம் வழிய.

வீட்டுக்கும் கூடவே வந்தாய். அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மழித்த தலையோடு நிற்கிறேனே என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். நீ அழாத குறையாக உண்மை முழுவதையும் சொன்னாய். கேட்டுவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்தாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

"இவனுக்கு எறங்கணும்னு மாரியாத்தாளுக்கு மொட்டைதான் வேண்டிக்கினு இருந்தேன். முடி எங்க எறக்கினா இன்னாபா, தலை அவளோடதுதான்."

உன் முகத்துக்கு அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

மறுநாள் காலையில் ஏஜென்ட் என் தலையைப் பார்த்தார். "எந்தக் கோயில்டா?"

நீ திருத்தணி என்றாய். அதே நேரத்தில் நான் மாரியம்மன் என்றேன். அவர் பார்வை என் தலையிலிருந்து இறங்கி, கன்னத்துத் தழும்புகளில் நின்றது. நீ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாய். சைக்கிளைக் கேட்கப்போகிறார் என்று சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"சந்தனம் பேப்பர்ல ஒட்டாம பாத்துக்க" என்று சொல்லிப் பேப்பர் கட்டை என் பக்கம் தள்ளினார்.

தெருமுனை திரும்பும்வரை வேகமாக மிதித்தோம். பிறகு நீ சைக்கிளை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பார், அப்படியொரு நிம்மதி எனக்குப் பிறகு வேலை கிடைத்தபோதும் வரவில்லை. உண்மை புரிந்துதான் ஏஜென்ட் என்னை விட்டுவிட்டாரா என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்றுவரை தெரியாது.

உன்னைக் கடைசியாகப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது எனக்குப் பயமாக இருந்தது. குழாய்களும் படுக்கையுமாகவே நீ என் மனதில் தங்கிவிடுவாயோ என்று. அருகில் குனிந்தேன். வயது தன் பங்குக்கு மழித்துவிட்ட என் தலையில் நீ மெல்லக் கையை வைத்தாய்.

"இது எந்தக் கோயில்டா?" என்றாய்.

அந்தக் கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.