பழைய ஒயரில் குறையில்லை

எங்கள் வீட்டு வண்டி வைத்தியருக்கு, அதாவது அப்பாவுக்கு,

இந்த மாதத்தில் இது மூன்றாவது செட் பிளக் ஒயர். சிவப்பு போய் நீலம் வந்தது, இப்போது மஞ்சள். நம் கிழட்டுக் காருக்கு வானவில் என்றே பெயர் வைத்துவிடலாம்.

தினமும் ஒவ்வொரு ஒயராகக் கழற்றித் துடைக்கிறீர்கள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், “பழைய ஒயர்னு தெரிஞ்சும் மாத்தாம விட்டேன். பனியில ஈரம் ஏறிடுச்சு. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்” என்கிறீர்கள். “விடுங்க மாமா, விதி” என்கிறாள் சித்தி.

அன்று காலை அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தாள். வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. “என்னைவிட இதுக்குத்தாங்க டாக்டர் வேணும்” என்று சிரிக்கக்கூடச் செய்தாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது.

மறுநாள் நீங்கள் சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது. ஈரம் காய்ந்துவிட்டது என்றீர்கள்.

ஈரமே இல்லை அப்பா. வண்டி கிளம்பாவிட்டால் கணக்குப் பரீட்சைக்கு மட்டம் போடலாம் என்று, முந்தின நாள் மாலை இரண்டாவது ஒயரையும் மூன்றாவதையும் இடம் மாற்றிச் செருகியிருந்தேன். நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சரிசெய்துவிட்டேன். அன்று காலையே வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை. அடி விழுமே என்று உங்கள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் பெட்டியைப் பிரிக்காதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய ஒயரில் ஒரு குறையும் இல்லை.

அம்மா வைத்த பெயரோடு,
வாலு