ஞாயிற்றுக்கிழமை நீ ஆட வேண்டும்

ஆல்டன்ரோடே,
மே 12

அன்புள்ள இம்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சந்தைக்கு வெள்ளை அஸ்பாரகஸ் வந்துவிட்டது. தினமும் உருளைக்கிழங்கோடு அதையேதான் சாப்பிடுகிறோம்.

ஜனவரியில் நீ போனதிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. சீசன் பாதியில், ஏழு கோல் போட்டவள், பெரிய கிளப் கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டினால் கோபம் வராதா? பதினெட்டு வருடமாக இந்தக் கால்பந்து அணிக்குச் சட்டை துவைத்து மடிக்கிறவள் நான். உன் அம்மாவாக மட்டும் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நீ போன பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் பழக்க தோஷத்தில் உன் பதினேழாம் எண் சட்டையையும் எடுத்து உடை மாற்றும் அறையில் மாட்டிவிட்டேன். கேப்டன் கெசீனே பார்த்துவிட்டு, "ஆளில்லாத சட்டைய எறக்கி கோல் போடச் சொல்றீங்களா? நம்ம நெலமைக்கு அதுகூடப் போடும் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் துணி அறைக்குப் போய் அழுதேன்.

அதன்பின் நடந்தது உனக்குத் தெரியும். ஒன்பது தோல்வி. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், நம் மைதானத்தில், உங்களோடு. தோற்றால் நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். சம்பளம் பாதியாகும். கோல்கீப்பர் சுன்யே மறுபடி முழுநேரமும் பல் மருத்துவமனை வேலைக்கே போய்விடுவாள்.

நீ போனில் அவரிடம் சொன்னதை நேற்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தொடை வலிக்குதுன்னு கோச்சுகிட்ட சொல்லிட்டு ஞாயித்துக்கெழம உக்காந்துடப் போறாளாம். உனக்காகத்தான்."

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் ஜனவரிக் கோபத்தைவிடப் பெரியது. கெசீனேயிடம் சொன்னேன். அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "வரச் சொல்லுங்க. அவ இல்லாம ஜெயிச்சா ஊரே நம்மள ஓசில பொழச்சவங்கன்னு பேசும். நான் அவள ஒட்டியே நின்னு மார்க் பண்ணிக்கிறேன், அவ காலு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

அதனால் நீ ஆட வேண்டும். முழு மூச்சோடு ஆடு. இன்னொன்று. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு, கையைத் தூக்காமல் துக்க வீட்டில் நிற்பதுபோல் தலை குனிந்து நிற்கிறீர்களே, அதெல்லாம் எங்களிடம் வேண்டாம். போட்டால் கையைத் தூக்கிக்கொண்டு ஓடு. உன் பரிதாபத்தைத் துவைத்துக் காயப்போட என்னால் ஆகாது.

நான் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நிற்பேன். நீ கோல் போட்டால் கை தட்டமாட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும், உங்கள் பஸ் கிளம்பும் முன், துணி அறைக்கு வா. ஜெயித்தாலும் தோற்றாலும் அங்கே நான் ஒருத்திதான் இருப்பேன்.

இன்னும் கொஞ்சம் கோபத்தோடு,
அம்மா