துப்பப் பழகிய வாரம்

1998 நவம்பர் 9, திங்கள்

ஈரப்பனி. பஸ் பிந்தியது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

பிராங்கா கூப்பிட்டார். (என் முதலாளி. இத்தாலிய வைன் இறக்குமதி.) வெள்ளிக்கிழமை இத்தாலியின் தொஸ்கானாவிலிருந்து ஒரு சீமாட்டி வருகிறாராம். அறுநூறு வருடமாக ஒரே குடும்பத்தின் கையிலிருக்கும் கோட்டையும் திராட்சைத் தோட்டமும் அவருடையவை. அவருடைய ஐந்து வைன்களையும் உணவகக்காரர்களுக்குச் சுவைத்துக் காட்டி விளக்க வேண்டியது நான். சரிவந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீடு.

கோட்டை வரலாறு தண்ணீர்பட்ட பாடு. நூலகம் வாழ்க. ஆனால் இதுவரை ஒரு சொட்டு வைன் வாயில் வைத்ததில்லை. வைத்தாலும், வெறிக்காமலிருக்க, விழுங்காமல் துப்ப வேண்டுமாம். எல்லார் முன்னாலும், வெள்ளி வாளிக்குள். நான் வாசித்த நாவல்களில் எத்தனையோ பேர் வைன் குடித்தார்கள். ஒருவராவது துப்பியதாக நினைவில்லை.

அம்மா நினைத்திருப்பது: நான் வேலை செய்வது ஒலிவ் எண்ணெய்க் கொம்பனியில்.

நவ. 10, செவ்வாய்

காலை, குளியலறை. வைனுக்குப் பதில் திராட்சை யூஸில் பயிற்சி. முதல் துப்பு நாடியில். இரண்டாவது கண்ணாடியில். அடுத்தது அப்பாவின் துவாயில்.

மெல்லிய கோடாகப் போக வேண்டுமாம், தூறலாக அல்ல. பிராங்கா சொன்னது.

வாங்க: சோப், பஸ் டோக்கன், கறுப்புக் காலுறை, துவாய்.

நவ. 11, புதன்

மழை. கோடு வருகிறது! சத்தம்தான் பெரிது. வெளியே வந்தால் கதவடியில் அம்மா. இஞ்சித் தேத்தண்ணி தந்தார்.

மாலை, தொலைபேசியில் ராணி அன்ரியோடு குசுகுசுத்தது காதில் விழுந்தது:

"ரண்டு நாளா விடிய எழும்பி ஓங்காளிக்கிறாள், அக்கா... சேச்சே, சாப்பாடு பிழைச்சதில்லை... பெடியன் ஆரெண்டுதான் தெரியேல்லை."

விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நான் துப்பிய சத்தம்!

நவ. 12, வியாழன்

அம்மா என் கட்டிலில் வந்து இருந்தார். அழுத முகம்.

"ஆரெண்டு மட்டும் சொல்லு. கத்தமாட்டன்."

"ஒருத்தருமில்லை, அம்மா."

"வெள்ளைக்காரப் பெடியனே?"

"அம்மா!"

"வெள்ளையெண்டாலும் சொல்லு. அப்பாவை நான் சமாளிக்கிறன்."

சொன்னேன். வைன், கோட்டை, சீமாட்டி, வாளி. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப வயித்தில ஒண்டுமில்லை?"

"காலமை திண்ட புட்டு."

"முருகா! வைன்தானே!"

போன வாரம் இதே சொல்லுக்கு வீடு பற்றி எரிந்திருக்கும். அது அம்மாவுக்கும் அடுத்த நிமிடம் நினைவு வந்தது போல:

"ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகப்படாது. துப்பிறதெண்டால் போ. நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற."

பிறகு தொலைபேசிக்கு ஓடினார். "வெறும் வாயு, அக்கா."

நவ. 13, வெள்ளி

வெயில், கடுங்குளிர்.

சீமாட்டிக்கு முத்துமாலை இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது நகத்துக்குள் மண்.

நாலு வைன், நாலு நேர்கோடு. உணவகக்காரர் ஒருவர் தன் கழுத்துப்பட்டியில் துப்பிக்கொண்டார். நானில்லை!

ஐந்தாவது, கோட்டையின் நிலவறையில் பத்து வருடம் கிடந்தது. வாயில் வைத்ததும் பாடமாக்கிய வசனம் முழுவதும் போய்விட்டது. புகை. நாவற்பழத் துவர்ப்பு. பிறகு ஏதோ, பெயர் தெரியவில்லை. வாளி பக்கத்தில்தான். தொண்டை முந்திவிட்டது.

சீமாட்டி சிரித்தார். அவர்கள் வீட்டிலும் அதை யாரும் துப்புவதில்லையாம். பிராங்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிரந்தரம்.

வீட்டில், சாமியறை வாசலில் திருநீற்றுத் தட்டோடு அம்மா.

"வேலை?"

"கிடைச்சிட்டுது."

"எல்லாம் துப்பினனியே?"

"நாலையும் துப்பினனான்."

தட்டை நீட்டிய கை நின்றது.

"மொத்தம் எத்தினை?"

"நாலு."

பூசிவிட்டார்.