ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

கொட்டாஞ்சேனை
1943 மாசி, வெள்ளிக்கிழமை

என் மகனே, ராசா,

கிட்டங்கியில் உன் இடத்துக்கு வேலைக்கு வந்த பம்புக்காரன் அந்தோனி இன்று ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்தான்.

"இருட்டில இருக்காதேங்கோ அம்மா. கூப்பனுக்கு அளந்து தாற எண்ணெய் எந்த மூலைக்குக் காணும்?"

"எங்க எடுத்தனீ?"

"கிட்டங்கி எஞ்சின் டாங்கியிலதான். கரண்ட் நிண்டால்தானே அது வேணும்!" என்று சிரித்தான்.

தேங்காய்த் தும்பு அடுக்கிய அந்தக் கிட்டங்கி எரிந்த அன்று கரண்ட் நின்று, தண்ணீர்ப் பம்பும் நின்றது. பம்பை ஓட்ட எண்ணெய் எஞ்சினை முடுக்கப் போன நீ திரும்பவில்லை. அது ஏன் ஓடவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

திரும்ப ஊற்றிவிடச் சொல்லிப் போத்தலைக் கொடுத்தனுப்பினேன். ஊற்றினானோ தெரியாது. ஒரு மாதமாக மழையில்லை. கிட்டங்கியில் மறுபடி அடுக்கிய தும்பெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

நீயும் வாராவாரம் எனக்கொரு போத்தல் கொண்டுவந்தாய். கடையில் வாங்கியது என்றாய். கடையில்தானா, ராசா?