தண்ணீர் குடிக்காத கார்

பழைய குளிர் கோட் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமென்று இன்று காலை எடுத்தேன். பையில் கையை விட்டால் இடுப்பில் கட்டுகிற சாரத்தில் கிழித்த ஒரு துண்டு. நீலக் கட்டம், ஓரமெல்லாம் கருப்பு. மூக்கருகே கொண்டுபோனேன், சூடான எஞ்சின் எண்ணெயின் மணம் இன்னும் போகவில்லை. "உதென்ன மணம்?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். உன் காரின் மணமென்று அவளுக்குச் சொன்னேன், மச்சான். வந்து தானும் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுப் போனாள். நீ கண்ணை மூடியபிறகு வருகிற முதல் மாரிக்குளிர் இது.

லண்டனில் வால்தம்ஸ்டோ வீட்டில் அப்போது நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கார் வாங்கினால் நாலு கதவும் பெரிய டிக்கியும் இருக்கவேண்டும், அரிசி மூட்டை ஏற்றவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய கொள்கை. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த நீ மட்டும், அங்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தாய். இரண்டு கதவு. ஸ்டியரிங் இடப்பக்கம். எஞ்சின் பின்பக்கம். அதற்குத் தண்ணீரே கிடையாது, காற்றுத்தான் குளிரவைக்கும் என்றாய். உனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று மற்ற மூவரும் ஊரில் உன் வீட்டுக்கு ஆளுக்கொரு கடிதம் போட்டார்கள். நான் இரண்டு போட்டேன்.

குளிர் வந்ததும் அந்தக் காருக்கு நீ செய்த ஊழியம் இருக்கிறதே! இரவில் பற்றரியைக் கழற்றிவந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைப்பாய். காலையில் எண்ணெய் சீனிப்பாணிபோல இறுகியிருக்கும். அது சூடாகும்வரை முடுக்கமாட்டாய், பால் வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போகும். ஹீட்டர் என்பது எஞ்சின் சூட்டில் பட்ட காற்றைக் காலடிக்கு அனுப்புகிற ஓர் ஏற்பாடு. கார் ஓடினால் எண்ணெய் மணத்தோடு சூடு வரும், நின்றால் மணம் மட்டும் வரும். கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படியும். சாரத் துண்டால் அதைத் துடைப்பது என் உத்தியோகம்.

"கதையாதை. மூச்சும் விடாதை."

"மூச்சு விடாமல் எப்பிடியடா இருக்கிறது?"

"அப்ப துடை."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் பார்க்க லண்டனின் மறுகோடியில் இருக்கும் சட்டனுக்குப் போனோம். அதற்கு முன் மூன்று வீடுகள் என் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு வீட்டில், நான் அதிகம் கதைப்பேனாம். மற்ற இரண்டும் நான் வாய் திறக்கும் முன்பே அனுப்பிவிட்டன. ஆனால் இந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன். என் பகிடிக்குச் சிரித்தவள். இது சரிவரவேண்டுமென்று உள்ளுக்குள் தவித்தேன், வெளியே உன்னிடம் நக்கலடித்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டி ரயில் ஓடவில்லை. "நான் கொண்டுபோறன்" என்றாய்.

பெண்ணின் அப்பா ஊரில் தபாலதிபராக இருந்தவர். ஜன்னலில் நின்று பார்த்தாராம். நான் வலப்பக்கக் கதவால் இறங்கினேன். இந்த நாட்டில் வலப்பக்கம் இறங்குகிறவன்தானே சாரதி? "தம்பி இந்தப் பனியிலையும் நல்லா ஓடிக்கொண்டு வந்திட்டீர். வடிவான கார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உன்னைப் பார்த்தேன். நீ வானத்தைப் பார்த்தாய். நான் பொய் சொல்லவில்லை, மச்சான். வலப்பக்கம் இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் தேத்தண்ணி வந்தபிறகு வாய் நிற்கவில்லை. எண்ணெய் சூடாகுமட்டும் முடுக்கக்கூடாது, வழுக்காமலிருக்க வீதியில் போடுகிற உப்பு பட்டால் கறள் பிடித்து இரும்பைத் தின்னும், நான் வெறுங்கையால் அடிப்பக்கம் கழுவுவேன்... உன் வாழ்க்கையை உன் முன்னாலேயே எடுத்து என் வாழ்க்கையாக அளந்தேன். நீ ஐந்தாவது றோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவள் சிரித்தாள். நான் இன்னும் அளந்தேன்.

புறப்படும்போதுதான் விதி கேத்திலோடு வந்தது. "ஊரிலை என்ர பழைய காருக்கு நான் தண்ணி விடாமல் ஒருநாளும் எடுக்கிறேல்லை. கொஞ்சம் சுடுதண்ணி விடுவம், தம்பி" என்றார் பெண்ணின் அப்பா. இதற்குத் தண்ணீர் இல்லையென்று நீ நூறுமுறை சொன்னதை நான் ஒருமுறையாவது காதில் போட்டிருக்கவேண்டும். "எஞ்சின் பின்னுக்கு, அங்கிள்" என்று மிடுக்காகப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு மூடி தெரிந்தது. திருகிக் கழற்றினேன். "இதுக்கை விடுங்கோ."

அவர் குனிந்தார். நீ "ஐயோ" என்றபடி வழுக்கினாய். கேத்தில் பறந்தது. சுடுதண்ணீர் முழுவதும் உன் காற்சட்டையில். அவர் பதறிப்போய் உன்னைத் தூக்க, நீ மறுகையால் அந்த மூடியைத் திருகி மூடினாய். "ஒண்டுமில்லை அங்கிள், தலை கொஞ்சம் சுத்துது" என்று நொண்டிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினாய். நான் வலப்பக்கம். கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருமுனைவரை போனேன்.

மானத்தை வாங்கிவிட்டாயே என்று உன்னைத்தான் திட்டினேன். காற்சட்டை நனைந்து உன் பல் கிட்டித்தது. எண்ணெய் சூடானபிறகுதான் நீ சொன்னாய்.

"அது எண்ணெய் விடுற இடமடா, விசரா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் எஞ்சின் தப்பும். உன்ர கலியாணம்?"

வீடுவரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கதைக்கவில்லை. என் வாழ்நாளில் அதுதான் அதிகநேரம்.

மறுநாள் காலை பெண்ணின் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இன்னொரு படம் திரும்பி வரட்டுமென்று எல்லாவற்றையும் சொன்னேன். கார் உன்னுடையது, கழுவிய கை உன்னுடையது, என்னுடையது வாய் மட்டும்.

"அந்தத் தம்பிக்கு முழங்கால் எப்பிடி?" என்றார் அவர்.

"வீங்கியிருக்கு."

"அந்த இடத்திலை நேற்றுக் காலமை நான்தான் உப்புப் போட்டனான். அங்கை ஆரும் வழுக்க ஏலாது. ஏன் விழுந்தவர் எண்டு இரவிரவா யோசிச்சனான். அப்பிடி ஒருத்தர் உமக்காக விழுகிறார் எண்டால், உம்மிலையும் ஏதோ இருக்கத்தான் வேணும். வாற ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். கலியாணத்தை முற்றாக்குவம்."

இன்றைக்கும் சண்டை வந்தால் என் மனைவி சொல்வது ஒன்றுதான்: "அப்பா கலியாணத்துக்கு ஓமெண்டது உங்களுக்கில்லை."

போன வாரம் ஒரு விருந்து. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் மகனின் பரீட்சைப் பெறுபேற்றை எல்லோர் முன்னாலும் அளந்துகொண்டிருந்தார். உண்மையான பெறுபேறு எனக்குத் தெரியும். கதை வளர்ந்து, யாரோ பெறுபேறு வந்த கடிதத்தைக் காட்டச் சொல்லிவிட்டார்கள். மனிதர் வெளுத்துப்போனார். பக்கத்தில் மகன் தரையைப் பார்த்தபடி இருந்தான். இந்த மாதிரிக் கதைகளைத் தெரு முழுக்கக் காவித் திரிந்துதானே நான் இவ்வளவு காலமும் பேரெடுத்தவன்? வாய் ஊறியது. ஆனால் கையிலிருந்த தேத்தண்ணி சரிந்து என் மடியில் கொட்டிவிட்டது. நல்ல சூடு, மச்சான். துடை, துணி கொண்டுவா என்று எல்லோரும் எழும்ப, கடிதத்தை மறந்துபோனார்கள்.

நனைந்த காற்சட்டையோடு பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்குக் கார் ஓட்டிவந்தேன். பாதி வழியில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நல்லா விழுந்தீங்கள்."