செவலைக்கு உங்கப்பா குரல் வேண்டும்

அன்பு மகன் பூபதிக்கு அம்மா எழுதுவது. நீயும் தனப்பிரியாவும் என் தங்கம் யுவஸ்ரீயும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை சாமி. போனில் உங்கப்பா பேச்சை எடுத்தாலே அப்பறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் அஞ்சாவது படித்த கையால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுச் சரிதா படம் பிடித்து அனுப்புவாள், பாதியில் நிறுத்தாமல் படி.

உங்கப்பா போனதிலிருந்து நம்ம செவலை மாடு தீவனம் தொடவில்லை. கன்று முட்டி முட்டி ஓய்ந்துவிட்டது, மடியில் பால் இறங்கவில்லை. மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, நோவு ஒண்ணுமில்லீங்க, ஆளத் தேடுதுங்க என்றார். நானும் உங்கப்பா மாதிரியே ஏஞ்சாமி கோவமா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் துண்டை மேலே போட்டால் அந்த வாசத்துக்காவது தின்னுமோ என்று தேடினால் வீட்டில் ஒரு துணி இல்லை. நீ வர முடியாததால் உன் சித்தப்பா சின்னண்ணன்தான் கொள்ளி வைத்தார், கூடுதுறையில் சாம்பல் கரைத்த அன்று முறைப்படி வேட்டி சட்டை துண்டு எல்லாம் மூட்டை கட்டி ஆற்றில் விட்டார், சட்டைப் பையில் இருந்த போனும் அதோடு போய்விட்டது. நீ வரவில்லை என்று உன்னை யாரும் குறை சொல்லவில்லை, அதை நினைத்து நீ மருகாதே.

ரிக் வண்டியில் ஆந்திரா, ராஜஸ்தான் என்று போர்க்கிணறு போட்டுக்கொண்டு நோம்பி நாளுக்கு மட்டும் வீடு வந்த மனுசன், உன்னைத் தூக்கி வளர்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் குறையைப் பேத்தியிடம் தீர்த்துக்கொண்டார். பால் கறந்துகொண்டே, ஏஞ்சாமி எந்திரிச்சிட்டயா, அப்பாருக்கு ஒரு முத்தங் குடு என்று போனில் பேசிப் பதிந்து அனுப்புவார், கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமானவர் அல்லவா, ஊரே கேட்கும். ஏனுங்க, கனடாவுக்குப் போன் எதுக்கு, நீங்க கத்துறதே கேட்குமே என்பேன். செவலை அசைபோட்டுக்கொண்டு நின்று கேட்கும்.

அந்தப் பேச்செல்லாம் உன் போனில்தான் இருக்கிறது. உன்னால் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும் சாமி, கேட்க வேண்டாம், கேட்காமலே சரிதா போனுக்கு அனுப்பிவிடு, செவலை காதில் போட்டுக் காட்டுகிறேன். அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஊட்ல இன்னொரு சாவு வேண்டாமுங்க, மாட்ட இந்தச் சந்தைக்கே ஓட்டி வித்துரலாமுங்க என்கிறார் சித்தப்பா. யாரிடமும் போய் நிற்காத நான் அவரிடம் இந்த ஒரு சந்தை பொறுங்க என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். உங்கப்பா கை பட்ட உயிர் இந்த வீட்டில் இது ஒன்றுதான் மிச்சம்.

யுவஸ்ரீக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல். அப்பாரு எங்கே என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். மூன்று பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். மறக்காமல் அனுப்பு, இருப்பதை எல்லாம் அனுப்பு. செவலை வாய் வைத்த பிறகுதான் நானும் சோறு போட்டுக்கொள்வதாக இருக்கிறேன்.

உன் அம்மா
வசந்தாமணி
மல்லசமுத்திரம்